நேற்றைய தேதிக்குப் போவது எப்படி

என் தொழில் இரும்பு. எடைமேடைக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கிச் சேற்றை வழித்து, எலி கடித்த வயரை மாற்றி, மேலே ஏறி நிற்கும் லாரியின் எடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பவன். பெரம்பலூரில் கடை, பெயர் குருமூர்த்தி. கம்ப்யூட்டரோடு எனக்கு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. இருந்தும் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் எடைமேடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் எனக்குத்தான் போன் அடித்தார்கள். மேடையைப் போட்டவன் நான், ஆகவே மேடையில் எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவனும் நானே என்பது அவர்கள் நியாயம்.

இந்தத் தொல்லை துலாக்கோல் என்ற மென்பொருள் வந்த பிறகு தொடங்கியது. அதற்கு முன்பு எடைச்சீட்டு அடிக்கும் மென்பொருளை ஏதாவது ஒரு கம்பெனியிடம் வாங்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் ஒரு நாள் காலையில் திரை அப்படியே நின்றுவிடும். நம் ஆட்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். கெடு இன்னும் முடியவில்லை என்று நம்பி மென்பொருள் ஓடும். கெட்டிக்காரத்தனம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எது கெட்டாலும் தேதியைத் தள்ளிப் பார்ப்பது. பிரிண்டரில் தாள் சிக்கினால்கூடத் தேதியைத் தள்ளிய ஆட்களை எனக்குத் தெரியும்.

துலாக்கோல் வேறு மாதிரி. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற சிலர் வேலை நேரம் போக மீதி நேரத்தில் எழுதிப் பொதுவில் வைத்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். காசு கிடையாது, கெடு கிடையாது. போன் அடித்துத் திட்டுவதற்கு ஒரு கம்பெனியும் கிடையாது. அந்தக் கடைசிக் குறையை நான் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

என்னை அதிலிருந்து மீட்டவள் ருமைசா. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

லப்பைக்குடிகாட்டுப் பெண். அவளுடைய அத்தா ரஹ்மத்துல்லா பாய் துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்து குன்னம் ரோட்டில் ஒரு எடைமேடை போட்டார். மகன் அஸ்ஃபாக் பார்த்துக்கொள்வான் என்று நம்பிப் போட்டது. மகன் அத்தாவைப் போலவே விமானம் ஏறிவிட்டான். பெரம்பலூர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருந்த மகள், ஒரு நாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு போய் மேடையோரக் கண்ணாடி அறையைத் திறந்து உட்கார்ந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. பாய் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மதியச் சாப்பாட்டைத் தானே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்.

முதல் வாரத்தில் ஒரு டிரைவர், பொம்பளப் பிள்ளைதானே என்று, பின் சக்கரம் ஒன்றை மேடைக்கு வெளியே விட்டு லாரியை நிறுத்தினான். காலி எடை குறைத்துக் காட்டினால் சரக்கின் எடை கூடும், யாருக்கோ லாபம். அவள் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு மைக்கில் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போய், அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவன் லாரியை முன்னால் எடுக்கும்வரை அவள் நகரவில்லை. நான் அன்றைக்குக் குழிக்குள் இருந்தேன். என் தலைக்கு மேலே நடந்ததால் எனக்குத் தெரியும். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் வாய் திறக்க அவசரப்பட மாட்டாள்.

கல்யாணம் ஆன பிறகும் மேடையை விடவில்லை. மாப்பிள்ளை ஜாவித் ஷார்ஜாவில். விசா எடுக்கிறேன் வா என்று அவன் கூப்பிடும்போதெல்லாம், மேடையை யார் பார்ப்பார்கள் என்று இவள் கேட்பாள். அவன் சிரித்துவிட்டு விட்டுவிடுவான். மாமியார் ஜரீனாவுக்குத்தான் ஆறவில்லை. பிள்ளை அங்கே தனியாகப் பொங்கித் தின்கிறான், மருமகள் இங்கே லாரிக்கு எடை பார்க்கிறாள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார்.

அவள் இணையத்தில் ஒரு உதவித் தளம் தொடங்கியது எரிச்சலில்தான். எடைமேடைக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்ஆப் குழு இருந்தது. கேட்ட கேள்வியையே கேட்பார்கள். யாராவது பதில் சொன்னால் அது சாயங்காலத்துக்குள் காலை வணக்கப் படங்களுக்கும் கல்யாண வாழ்த்துக்கும் அடியில் புதைந்துபோகும். மறுநாள் அதே கேள்வி மறுபடி வரும். துலாக்கோலுக்கென்று இணையத்தில் ஒரு உதவிப் புத்தகமும் இருக்கத்தான் செய்தது. சுத்தமான தமிழ். 'பதிவு மேலாண்மை', 'நிலுவைப் பதிவு மீட்பு' என்று தலைப்புகள். குற்றம் சொல்ல முடியாத எழுத்து. ஆனால் மேடையில் வண்டி நிற்க, டிரைவர் கண்ணாடியைத் தட்ட, கையில் போனோடு நிற்கிறவன் 'பதிவு மேலாண்மை' என்று தேடுவானா?

அவள் என்னிடம் ஒரு விசித்திரமான உதவி கேட்டாள். என் போனில் வருகிற பேச்செல்லாம் தானாகப் பதிவாகிவிடும். சர்வீஸ் செய்தது, செய்யாதது என்று பின்னால் தகராறு வருமே, அதற்காக வைத்தது. அதில் மேடைக்காரர்கள் அவசரமாகக் கூப்பிட்ட பேச்சுகளை மட்டும், அவரவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தனக்குத் தரச் சொன்னாள். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் காதில் மாட்டிக் கேட்டாள். கேட்டு முடித்த அன்றைக்கு நான் அந்தப் பக்கம் போயிருந்தேன்.

"அண்ணே, ஒருத்தரு கூட சாப்ட்வேர்ல இது கெட்டுப்போச்சுன்னு ஆரம்பிக்கல. எல்லாரும் வண்டியிலதான் ஆரம்பிக்கிறாங்க. வண்டி மேடையில நிக்குது, வண்டி போயிடுச்சு, வண்டி திரும்பி வந்திருக்கு. நாமளும் வண்டியிலயே ஆரம்பிச்சா என்ன?"

அப்படித்தான் 'என்னாச்சு' பிறந்தது. தளத்துக்கு அவள் வைத்த பெயர் அது. திறந்தால் மேலே ஒரே கேள்வி: வண்டி எங்கே? மேடையில் நிற்கிறது, இன்னும் ஏறவில்லை, முதல் எடை போட்டுவிட்டுப் போயிருக்கிறது, இரண்டாம் எடைக்கு வந்திருக்கிறது. இதில் ஒன்றைத் தொட்டால் அந்த நிலையில் என்னென்ன கெடுமோ அது மட்டும் வரும். கீழே தேடுகிற கட்டம், பக்கத்தில் பேசுவதற்கு மைக். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால், அந்தத் தொல்லையை நம் ஆட்கள் எப்படியெல்லாம் சொல்வார்களோ அத்தனையையும் சேர்த்து வைத்தாள். 'சீட்டு வெள்ளையா வருது', 'எடை ஆடிக்கிட்டே இருக்கு', 'நம்பர் ஓடுது', 'வண்டி வூட்டுக்குப் போயிடுச்சு'. எதைப் பேசினாலும் அது சரியான பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. மென்பொருளுக்கு உதவிப் பக்கம் எழுதுகிற எவரும் லாரி நிற்கிற இடத்தை வைத்து அதைப் பிரித்திருக்க மாட்டார்கள். எனக்கு அன்றைக்கு அவள்மேல் வந்த மரியாதை இன்றைக்கும் போகவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே. அரியலூரில் செந்துறை ரோட்டு மேடையில் கொளஞ்சியம்மாள் இருக்கிறார். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடம். அந்த அம்மாளுக்குப் பொறுமை என்பது எந்தக் கடையில் விற்கிறது என்றே தெரியாது. ஒரு திரையில் பதில் கிடைக்காவிட்டால் அடுத்த நொடி எனக்குப் போன் வரும். ருமைசா ஒவ்வொரு புதுப் பக்கத்தையும் முதலில் அவருக்குத்தான் அனுப்புவாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, கொளஞ்சி அக்கா போன் அடித்தார்களா என்று விசாரிப்பாள். அடித்தார் என்றால் அந்தப் பக்கம் பெயில், மறுபடி எழுதுவாள்.

துலாக்கோல்காரர்கள் சந்தோஷமாகத் தங்கள் தளத்திலேயே இடம் கொடுத்தார்கள். அதை ஒருங்கிணைப்பவர் அருள்முருகன், சென்னையில் இருக்கிறார். நல்ல மனிதர், நிதானமாகப் பேசுவார். இப்படி ஒரு வேலையை யாரும் செய்ததில்லை என்று அவரே குழுவில் எழுதினார். என் போன் ஓய்ந்தது. வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அப்புறம் தை வந்தது, மக்காச்சோளம் வந்தது.

குன்னம் பக்கத்துச் சோளமெல்லாம் ஒரே சமயத்தில் அறுப்புக்கு வரும். லாரி சாயங்காலம் சோளத்தோடு மேடை ஏறும், முதல் எடை போடுவார்கள். அங்கிருந்து வியாபாரியின் குடோனுக்குப் போனால் முன்னால் வரிசை நிற்கும். அன்றைக்கு இறக்க முடியாது. டிரைவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு, மறுநாள் காலையில் இறக்கி, காலி வண்டியோடு இரண்டாம் எடைக்கு வருவார். இரண்டும் சேர்ந்தால்தான் சோளத்தின் எடை தெரியும். துலாக்கோலில் ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். நள்ளிரவு ஆனதும் முடியாத சீட்டையெல்லாம் அது மூடிவிடும். காலையில் வண்டி வந்து நிற்கும், திரையில் அந்த வண்டியே இருக்காது.

மூடிய சீட்டைத் திறக்க வழி உண்டு. அது எங்கோ உள்ளே, 'நிலுவைப் பதிவு மீட்பு' என்ற பெயரில் ஒளிந்துகொண்டிருந்தது. நம் ஆட்கள் அதைத் தேடுவார்களா? கைவந்த கலை இருக்கிறதே. கம்ப்யூட்டரின் தேதியை நேற்றைக்குத் தள்ளினார்கள். சீட்டு திரும்பி வந்தது. எடை போட்டு வண்டியை அனுப்பிவிட்டு, தேதியை முன்னால் கொண்டுவர மறந்தார்கள். அடுத்து வந்த வண்டிகளெல்லாம் நேற்றைய சீட்டு எண்ணில் விழுந்தன. ஒரே எண்ணில் இரண்டு வண்டி. யார் சரக்கு, யார் எடை என்று குடோன் வாசலில் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போனது.

தேடிப் பதில் கிடைக்காமல் போகிற வார்த்தைகளை ருமைசா தினமும் பார்ப்பாள். அந்த மாதம் அதில் திரும்பத் திரும்ப ஒன்றே வந்தது: நேத்து தேதிக்குப் போறது எப்படி. அவள் ஒரு பக்கம் எழுதினாள். தலைப்பு, 'நேற்றைய தேதிக்குப் போவது எப்படி'. உள்ளே, போகவே கூடாது, போனால் இன்னின்ன கெடும், அதற்குப் பதில் சீட்டை இப்படித் திறங்கள் என்று எழுதியிருந்தாள்.

பக்கம் போட்ட சில நாளில் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு குரல் செய்தி வந்தது. கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் ஒரு மேடையில் இருக்கிற தமிழழகன். ருமைசா அக்காவுக்கு நன்றி, பக்கத்தில் போட்டிருந்தபடியே தேதியை நேற்றைக்கு மாற்றிவிட்டேன், வேலை முடிந்தது என்றான். மறுநாளே அவனுடைய மேடையில் வீரமுத்து என்ற விவசாயியின் நெல்லுக்கு, ஒரு முந்திரி லாரியின் எடை விழுந்தது. மனுஷன் தன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது என் நெல் இல்லை, இது என் நெல் இல்லை என்று பொழுது சாயும்வரை கத்தியிருக்கிறார்.

ருமைசா என்னைக் கூப்பிட்டு, உங்கள் வேன் அந்தப் பக்கம் போகிறதா என்றாள். போகவில்லை, ஆனாலும் போனோம். அரியலூர் தாண்டி, ஜெயங்கொண்டம் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தோம். தமிழழகன் திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றான். அவள் திட்டவில்லை. அந்தப் பக்கத்தை எப்படிப் படித்தாயோ அப்படியே என் முன்னால் திறந்து காட்டு என்றாள்.

அவன் போனை நீட்டினான். மேலே தலைப்பு. அதற்குக் கீழே திரை நிறைய இவளுடைய கோபம். தேதியைத் தள்ளுவது எவ்வளவு பெரிய தப்பு, இதனால் யார் யார் பாதிக்கப்படுகிறார்கள், கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா. சீட்டைத் திறக்கும் வழி அதற்கும் கீழே, விரலால் தள்ளினால்தான் தெரியும்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. மேல பேரு இருந்துச்சு, கீழ ஒரே திட்டா இருந்துச்சு. எங்க அப்பா பேசுற மாதிரியே இருந்துதா, அதான் படிக்காம மூடிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. திரும்பி வரும்போது வேனிலேயே அந்தப் பக்கத்தைத் திருத்தினாள். திட்டு மொத்தமும் போனது. தலைப்புக்கு அடுத்த வரியிலேயே, 'போகாதீங்க, வண்டி நம்பரைப் போட்டு இந்தப் பொத்தானைத் தொடுங்க, சீட்டு திறக்கும்' என்று வந்தது. தலைப்பில் ஒரு எழுத்தையும் அவள் மாற்றவில்லை. ஆபத்தான தலைப்பாக இருக்கிறதே என்று நான் இழுத்தேன். அவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள், நான் அங்கேதான் நிற்க வேண்டும் என்றாள்.

நடந்ததை ஒளிக்காமல் அருள்முருகனுக்கும் எழுதிப்போட்டாள். இப்படி எழுதியதால் ஒருவன் ஏமாந்தான், திருத்திவிட்டேன், இதற்கெல்லாம் வேர் அந்த நள்ளிரவு விதி, அதை மாற்றுங்கள் என்று. நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

அதற்குப் பதில் வரவில்லை. ஒரு காலையில் கொளஞ்சியம்மாளிடமிருந்து எனக்குப் போன் வந்தது. நெடுநாளைக்குப் பிறகு அந்தக் குரல்.

"ஏங்க குருமூர்த்தி, அந்தப் புள்ளையோட பக்கத்தக் காணோமே. தேடுனா எதுவும் கிடைக்கலங்குது. வண்டி நிக்குதுங்க. நான் தேதியத் தள்ளிட்டேன்."

நான் குன்னத்துக்குப் போனபோது ருமைசா ஏற்கெனவே பார்த்துவிட்டாள். பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில் இருந்ததைச் சுருக்கி 'நிலுவைச் சீட்டுகளைக் கையாளுதல்' என்ற வேறொரு பக்கத்தின் வாலில் ஒட்டியிருந்தார்கள். அவள் முகம் சிவந்து கிடந்தது. அருள்முருகனுக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். துலாக்கோலுக்கு ஒரு பெரிய நிறுவனம் ஆதரவு தர முன்வந்திருக்கிறது. தேதியை மாற்றுவது எப்படி என்று நம் தளத்திலேயே தலைப்பு இருந்தால், எடை மோசடிக்கு நாமே வழி சொல்லிக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். ஒருவர் ஏமாந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தகவல் எங்கும் போகவில்லை, சரியான தலைப்பின் கீழ் இருக்கிறது. அவர் பேசியதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சார், நிலுவைன்னு இங்க ஒருத்தரும் தேட மாட்டாங்க. தப்பு பண்ணப் போறவங்க தப்போட பேரச் சொல்லித்தான் தேடுவாங்க. அந்த எடத்துல நாம இல்லன்னா அவங்க தப்பு பண்ணிட்டுப் போயிடுவாங்க. நமக்குத் தளம் சுத்தமா இருக்கும், அவ்வளவுதான்."

அவர் இது குழுவின் முடிவு என்றார். தளம் ஒரு ஒழுங்கில்தான் இருக்க முடியும் என்றார். வெளியே ஒரு டிராக்டர் பருத்தி மூட்டையோடு மேடை ஏறியது. எடையைக் குறித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி போனைப் பார்த்தாள்.

"எடம் உங்களுது, அதுல எனக்கு வாதம் இல்ல. ஆனா யாரும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், வேற எடத்துல வச்சுக்கலாம்னு நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க. நான் எடுத்துக்கறேன் சார். எல்லாத்தையும்."

அப்படியே செய்தாள். ஜாவித் ஷார்ஜாவிலிருந்து ஒரு இணைய முகவரி வாங்கிக் கொடுத்தான். நகை கேட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்று ஜரீனா மாமி சொன்னாராம். அந்த வாரமே 'என்னாச்சு' முழுவதும் புது இடத்துக்குக் குடிபோனது. அவர்கள் எடுத்த தேதிப் பக்கமும் பழைய தலைப்போடு திரும்ப வந்தது. அவள் அச்சடித்துக் கொடுத்த க்யூஆர் கோடு ஸ்டிக்கரை நான் சர்வீஸுக்குப் போகிற மேடையிலெல்லாம் கண்ணாடியில் ஒட்டினேன். யாரும் ஒட்டச் சொல்லவில்லை. எனக்கும் கோபம் வரும்.

தளத்தைப் பிரித்துக்கொண்டு போனதோடு அவள் நிறுத்தவில்லை. துலாக்கோலில் குறை இருந்தால் பயன்படுத்துகிற யாரும் எழுதிப்போடலாம் என்று ஒரு பொது இடம் உண்டு. தன் தேதிப் பக்கத்தின் அடியில் அவள் ஒரு பொத்தான் வைத்தாள்: 'எங்க வண்டியும் ராத்திரி தங்கிடுச்சு'. தொட்டால் எந்த ஊர், என்ன சரக்கு என்று கேட்டு, அந்த மேடைக்காரர் பெயரில் ஒரு புகாராக அங்கே போய் விழும். வேப்பூர் சோளம், லப்பைக்குடிகாட்டு நெல், ஆண்டிமடத்து முந்திரி, செந்துறைப் பருத்தி. ஏற்கெனவே இதே குறை பதிவாகியிருக்கிறது என்று அவர்கள் ஒவ்வொன்றாக மூடினார்கள். இவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். மூட மூடத் திறந்தாள். கடைசியில் அவளைக் காணொளிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடி அறையில் அவளோடு நானும் இருந்தேன். திரையில் அருள்முருகனும், சீட்டுப் பகுதியை எழுதிய பெங்களூர்ப் பெண் சிந்துவும். ஒரே குறையை இத்தனை தடவை பதிவு செய்தால் வேலை செய்கிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று அருள்முருகன் ஆரம்பித்தார்.

"ஒரே மாதிரி இருக்குன்னு மூடுறீங்க. ஒரே மாதிரி இருக்கறதுதான் சார் சேதியே."

சிந்து குறுக்கிட்டு, இப்படி வண்டி இரவில் தங்குவது அபூர்வம் என்று நினைத்துத்தான் அந்த விதியை எழுதினேன் என்றாள். மறைக்காமல் சொன்னாள்.

"உங்களுக்கு அபூர்வம். எங்களுக்கு அதுக்குப் பேரு தை மாசம்" என்றாள் ருமைசா.

சிந்து சிரித்துவிட்டாள். பிறகு நிறையக் கேள்வி கேட்டாள். வண்டி ஏன் தங்குகிறது, எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள், டிரைவர் மாறி வந்தால் என்ன செய்வீர்கள் என்று. ருமைசா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லி என்னைப் பார்த்தாள், நான் சொன்னேன். கூட்டம் முடியும்போது அருள்முருகன், விதியை மாற்றிவிட்டால் நீங்கள் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவீர்களா என்று கேட்டார். விலை பேசுவதுபோல் எனக்குப் பட்டது. விதியை மாற்றுவது உங்கள் வேலை, பக்கத்தை வைப்பது என் வேலை, இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றாதீர்கள் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அடுத்த சோள அறுப்புக்கு முன்பே புதுப் பதிப்பு வந்தது. இரண்டாம் எடை போட்டு மேடைக்காரரே முடிக்கும்வரை சீட்டு திறந்தே இருக்கும், எத்தனை நாள் ஆனாலும். எல்லா மேடையிலும் அதை ஏற்றுவதற்கு நாயாய்ப் பேயாய் அலைந்தோம். தமிழழகன் தன் மேடையிலும் ஏற்றி, பக்கத்து மேடைகளுக்கும் போய் ஏற்றிக் கொடுத்தான். கொளஞ்சியம்மாள் மட்டும், பழையதே பழகிப்போச்சு என்று முரண்டு பிடித்தார். ஒரு வண்டி தங்கி, காலையில் தேதியைத் தள்ளாமலே சீட்டு திரையில் இருப்பதைப் பார்த்த பிறகு வழிக்கு வந்தார்.

தை வந்தது. வண்டிகள் எப்போதும்போல் தங்கின. ருமைசா தினமும் காலையில் தேடலைப் பார்த்தாள். முதலில் நாலைந்து பேர் நேற்றைய தேதியைக் கேட்டார்கள், பிறகு ஒருவர் இருவர், பிறகு யாரும் இல்லை. பருத்தி முடியும்வரை பொறுத்திருந்தாள். அப்போதும் யாரும் இல்லை.

அந்தச் சமயத்தில் அருள்முருகன் கூப்பிட்டார். குரலில் உற்சாகம். பொதுமென்பொருள்காரர்களின் பெரிய மாநாடு ஒன்றில், பயன்படுத்துகிறவர்களின் வார்த்தையில் உதவி எழுதுவது பற்றிப் பேசப்போகிறாராம். அந்தப் பக்கத்தைத்தான் உதாரணமாகக் காட்டப்போகிறார். ஆதரவு தரும் நிறுவனத்துக்கும் அது மிகவும் பிடித்துவிட்டது. நாங்கள் எடுத்தது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன், அதை அதே தலைப்போடு எங்கள் தளத்தின் முகப்பிலேயே வைக்க விரும்புகிறோம் என்றார். ருமைசா நன்றி சொன்னாள். அந்தப் பக்கம் இப்போது இல்லை, இன்று காலையில்தான் அழித்தேன் என்றாள்.

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதற்காக எங்களோடு அவ்வளவு சண்டை போட்டீர்களே, தனியாகப் பிரிந்துகூடப் போனீர்களே, ஒரு நினைவுக்காவது வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். எனக்கும் மனசு கேட்கவில்லை. நானும் அதைத்தான் அவளிடம் கண்ணால் கேட்டேன்.

"அது நல்லாருக்குன்னு நான் சண்டை போடல சார். ஆளுங்க தேடுனாங்க, அதனால போட்டேன். இப்ப யாரும் தேடல. நாளைக்கு எவனாவது பிரிண்டர் கோளாறுக்கு வழி தேடறப்ப அது குறுக்க வந்து நின்னுச்சுன்னா, தேதியத் தள்ள அவனுக்கு நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

அவர் மெதுவாக, அப்போது நாங்கள் செய்ததும் இதைத்தானே என்றார். கேலியாகச் சொல்லவில்லை, புரியாமல்தான் கேட்டார்.

"இல்லைங்க சார். நீங்க எடுத்தப்ப செந்துறை ரோட்டுல ஒரு அம்மா போன கையில வச்சுக்கிட்டு அதத் தேடிட்டு நின்னாங்க. நான் எடுத்தப்ப யாரும் நிக்கல. பாத்துட்டுத்தான் எடுத்தேன்."